பட்டிமன்றத்துல "மக்கள் ஓட்டு கட்டாயம்" அணியில மாட்டிக்கிட்டேன், கையில சரக்கு இல்ல, கொஞ்சம் கை கொடுங்க

செல்வி_ஆர்கேபுரம்:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் 26 அரசியல் சாசன தினத்தை ஒட்டி டெல்லியில எங்க வட்டாரத் தமிழ் ஆளுங்க சேர்ந்து ஒரு பட்டிமன்றம் வெக்கிறாங்க, தலைப்பு என்னன்னா "ஒரு நாடு புதுசா அரசியல் சாசனம் எழுதினா அதை மக்கள் ஓட்டுக்கு விட்டே ஆகணுமா, எழுதின சபையே நிறைவேத்தினா போதுமா". சீட்டு குலுக்கிப் போட்டதுல நான் "விட்டே ஆகணும்" அணி. ரொம்ப ஈஸின்னு நெனச்சு உக்காந்தேன், "மக்களாகிய நாம்"னு ஆரம்பிக்குற சாசனத்துக்கு மக்கள்கிட்ட கேக்காம இருக்கலாமான்னு ஒரே போடு போட்டா முடிஞ்சிதுன்னு. அப்புறம்தான் உறைச்சுது, நம்ம சாசனத்துக்கே அப்படி ஒரு ஓட்டு நடக்கல, எதிரணித் தலைவர் அந்த ஒரு வரியைச் சொல்லிட்டு தண்ணி குடிச்சிட்டு உக்காந்துடுவாரு.

அதனால கேக்குறேன், இந்தியாவுல ஏன் ரெஃபரண்டம் வெக்கல, அப்பவே யாராவது கேட்டாங்களா? வெளிநாட்டுல ஓட்டுக்கு விட்ட இடத்துல எல்லாம் என்னதான் ஆச்சு? நடுவர் கவிதைக்கெல்லாம் மசியுற ஆள் இல்ல, வருஷம் பேரு எண்ணிக்கைன்னு கேப்பாரு. சும்மா விக்கிபீடியா படின்னு மட்டும் சொல்லிடாதீங்க ப்ளீஸ்.

கரோல்பாக்_மணி:

நல்ல தலைப்பும்மா. "அப்போ யாரும் கேக்கவே இல்லையே"ன்னு எதிரணி சொன்னா விட்டுடாத. 1948 நவம்பர்ல டிராஃப்ட் அரசியல் நிர்ணய சபைக்கு வந்த உடனேயே தாமோதர் ஸ்வரூப் சேத்ன்னு ஐக்கிய மாகாணத்து சோசலிஸ்ட் ஒருத்தர் எழுந்து, இது வயசு வந்த எல்லாரும் ஓட்டு போட்டு வந்த சபையே இல்ல, நாட்டுக்கே சாசனம் எழுத இதுக்கு என்ன அதிகாரம், எல்லாருக்கும் ஓட்டு கொடுத்து புது சபையைக் கூட்டுங்கன்னு கேட்டாரு. மௌலானா ஹஸ்ரத் மோஹானியும் அதே மாதிரி தடை சொன்னாரு. சபை காதுல போட்டுக்கல. ஆனா சேத் சொன்னதுல பொய் ஒண்ணும் இல்ல பாரு, சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது மாகாண எம்.எல்.ஏக்கள், அந்த எம்.எல்.ஏக்கள் 1946 தேர்தல்ல வந்தவங்க, அந்தத் தேர்தல்ல சொத்து, வரி, படிப்பு இதெல்லாம் பாத்துத்தான் ஓட்டுரிமை, வயசு வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்குக்கூட ஓட்டு கிடையாது. சமஸ்தானத்து ஆளுங்கள்ல பாதிக்குப் பாதி திவானும் மகாராஜாவும் அனுப்பி வெச்சவங்க.

அப்போ ஏன் கடைசியிலயாவது மக்கள்கிட்ட போகல? நடைமுறைதான் முதல் காரணம்னு நான் நெனக்கிறேன். 1947ல தேசம் ரெண்டாப் போச்சு, அகதிங்க கேம்ப்ல, இந்தப் பக்கம் சமஸ்தானங்களை ஒவ்வொண்ணா சேத்துக்கிட்டு இருக்காங்க, ஹைதராபாத் வந்ததே 1948 செப்டம்பர்ல. எல்லாருக்கும் ஓட்டுன்னா வாக்காளர் பட்டியல் வேணும்ல, அந்த வேலையை சாசனம் அமலுக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சும்கூட முதல் பொதுத் தேர்தல் 1951 கடைசி, 1952 ஆரம்பம்னு இழுத்துச்சு. 17 கோடி சொச்சம் வாக்காளர், 1951 சென்ஸஸ்ல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு 18 பேர்தான். பட்டியல் வர்ற வரைக்கும் காத்திருந்தா பிரிட்டிஷ்காரங்க போட்ட 1935 இந்திய அரசுச் சட்டத்தையே ஓட்டிக்கிட்டு, ராஜா பேர்ல கவர்னர் ஜெனரலை வெச்சிக்கிட்டு இன்னும் ரெண்டு வருஷம் தள்ளியிருக்கணும்.

இன்னொண்ணு, பூட்டின ரூம்ல எழுதினாங்கன்னும் சொல்ல முடியாது. 1948 பிப்ரவரியில டிராஃப்டை அச்சடிச்சு வெளிய விட்டு கருத்து கேட்டாங்க. சபை உறுப்பினர்கள் 7,635 திருத்தம் கொடுத்தாங்க, அதுல 2,473 சபையில எடுத்து விவாதிச்சாங்க, இது அம்பேத்கரே 1949 நவம்பர் 25 பேச்சுல சொன்ன கணக்கு. சர்வீஸ்ல இருந்த காலத்துல லஞ்ச் டைம்ல அந்த டிபேட் வால்யூம்களை எடுத்துப் படிப்பேன், சில நாள் வெறும் கமா எங்க போடுறதுன்னு அரை மணி நேரம் சண்டை, சில நாள் மயிர்க்கூச்செறியும். ஆட்சி மொழி விவாதம் நடந்த 1949 செப்டம்பர் 12, 13, 14 மூணு நாளையும் படிச்சுப் பாரு, நம்ம மதராஸ் ஆளுங்க விட்டே கொடுக்கல.

தாராவி_முருகேசன்:

மணி அண்ணாச்சி சொன்னதுல ஒரு சேர்ப்பு, பம்பாய்க்காரன்ங்கிறதால இதைச் சொல்லாம இருக்க முடியல. அம்பேத்கர் அந்த சபைக்குள்ள வந்ததே ஒரு கதை. 1946ல பம்பாய்ல அவருக்கு சீட் கிடைக்கல, ஜோகேந்திரநாத் மண்டல் மாதிரி ஆளுங்க உதவியில வங்காளத்துல இருந்து போனாரு, பிரிவினையில அந்த சீட்டும் போச்சு, அப்புறம் 1947 ஜூலையில எம்.ஆர்.ஜெயகர் விட்ட இடத்துல பம்பாய்ல இருந்து காங்கிரசே அனுப்புச்சு. ஆகஸ்ட் 29ந்தேதி டிராஃப்டிங் கமிட்டி போடுதாங்க, ஏழு பேரு, அதுல எத்தன பேரு வேல பாத்தாங்கன்னு டி.டி.கிருஷ்ணமாச்சாரியே 1948 நவம்பர் 5ல சபையில புட்டுப் புட்டு வெச்சாரு. ஒருத்தர் ராஜினாமா, ஒருத்தர் காலமாயிட்டாரு, ஒருத்தர் அமெரிக்கால, கடைசியில பாரம் பூரா அந்த ஒரு மனுசன் தலையில. சபையே நிறைவேத்தினா போதும்னு எதிரணி சொல்லும்போது நீங்க கேளுங்க, சபைக்குள்ள யாரு வர்றதுன்னு தீர்மானிச்சது யாருன்னு. அம்பேத்கரே மயிரிழையில உள்ள வந்தவரு, வராம போயிருந்தா?

இன்னொரு விசயம் இருக்கு, தமிழ் ஆளுங்க கூட்டத்துல இது எடுபடும். சாசனம் 1950 ஜனவரி 26 வந்துச்சு. வந்த சூட்டோட நம்ம மதராஸ் மாகாணத்து கம்யூனல் ஜி.ஓ காலி, வகுப்புவாரி இட ஒதுக்கீடு சமத்துவத்துக்கு விரோதம்னு செண்பகம் துரைராஜன் கேஸ்ல மதராஸ் ஹைகோர்ட் அடிச்சுது, 1951 ஏப்ரல்ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிட்டு. ஊரெல்லாம் கொதிச்சுது, பெரியார் தெருவுல இறங்கினாரு, ஜூன்ல முதல் அரசியல் சட்டத் திருத்தம், பின்தங்கினவங்களுக்கு இட ஒதுக்கீடு தரலாம்னு சொல்ற 15(4) வந்துச்சு. ரெஃபரண்டம் வெக்காத சாசனத்துக்கு எங்க ஆளுங்க தெருவுல நின்னு ஓட்டு போட்டாங்கன்னு நான் சொல்லுவேன். அதே திருத்தத்துல பேச்சுரிமைக்கும் கட்டு போட்டாங்க, அதையும் மறைக்காம சொல்லிருங்க, இல்லன்னா எவனாவது எழுந்து கேப்பான். வேடிக்கை என்னன்னா திருத்தினதும் அதே சபைதான், தற்காலிக பார்லிமெண்ட்னு பேரை மாத்திக்கிட்டு, பொதுத் தேர்தல் ஒண்ணுகூட நடக்காத முன்ன.

அப்புறம் நீங்க பேசப்போற அதே நவம்பர் 26, 1957ல, சாதியைக் காப்பாத்துற பிரிவு இருக்குன்னு திராவிடர் கழகத்துக்காரங்க சாசனத்தை எரிச்சு ஆயிரக்கணக்குல ஜெயிலுக்குப் போனாங்க. டெல்லி மேடையில இதைச் சொல்றதா வேண்டாமான்னு நீங்களே பாத்துக்கோங்க, நான்னா சொல்லுவேன்.

பிரபு_வைட்ஃபீல்ட்:

மேல ரெண்டு பேரும் செம. நான் நேபாளம் பத்தி சொல்றேன், ஏன்னா என் டீம்ல ஜனக்பூர் பையன் ஒருத்தன் இருக்கான், மதேசி, அதாவது இந்திய எல்லையை ஒட்டின தெராய் சமவெளிக்காரன், 2015ல நாங்க இங்க டீ குடிச்சிட்டு இருக்கோம் அவன் டெய்லி ஊருக்கு போன் போட்டுட்டு முகம் தொங்கிப்போய் வருவான், அப்போதான் இதெல்லாம் படிச்சேன். 2008ல 601 பேர் சபை, தலித், பெண்கள், ஜனஜாதிங்கிற பழங்குடிங்க, மதேசின்னு பாத்தா தெற்காசியாவுலயே அவ்ளோ கலவையான சபை வந்ததில்லன்னு சொல்லலாம். ரெண்டு வருஷத்துல எழுதி முடிக்கணும். முடியல, நீட்டிச்சாங்க, திரும்ப நீட்டிச்சாங்க, திரும்ப நீட்டிச்சாங்க, கடைசியில சுப்ரீம் கோர்ட் இனி நீட்டிக்கக் கூடாதுன்னுடுச்சு, 2012 மே மாசம் ஒரு பக்கம்கூட நிறைவேத்தாம சபை கலைஞ்சுது. எங்க முட்டிக்கிட்டுதுன்னா மாகாண எல்லை, மாகாணத்தை இனத்தோட பேர்ல அடையாளத்தோட பிரிக்கிறதா இல்லையான்னு.

2013ல மறுபடி தேர்தல், மறுபடி அதே இழுபறி. அப்போ 2015 ஏப்ரல்ல பூகம்பம். பெரிய கட்சிங்க எல்லாம் திடீர்னு ஒத்துப்போய் ஜூன்ல 16 பாயிண்ட் ஒப்பந்தம் போட்டு செப்டம்பர் 20ல சாசனம் வந்துடுச்சு. 598 பேர்ல 507 பேர் ஆதரவு ப்ரோ, சாரி, மேடம், பத்துல எட்டு பேருக்கு மேல. ஆனா தெராய் பக்கம் ஊரே எரிஞ்சுது, அந்தப் போராட்டத்துல போலீஸையும் சேத்து 40 பேருக்கு மேல செத்தாங்க, அப்புறம் மாசக்கணக்குல பார்டர் மறியல், காட்மாண்டுல கேஸ் சிலிண்டர் இல்லாம விறகு அடுப்புல சமைச்சாங்க. மதேசிங்க சண்டை எல்லைக்கோட்டுக்கும் தொகுதி எண்ணிக்கைக்கும். பொம்பளைங்க சங்கங்க சண்டை குடியுரிமைக்கு, நேபாளப் பொண்ணு வெளிநாட்டுக்காரனைக் கட்டினா பிள்ளைக்கு அப்பா வழி மாதிரி நேரா குடியுரிமை கிடையாதுன்னு எழுதி வெச்சதுக்கு. நாலே மாசத்துல, 2016 ஜனவரியில முதல் திருத்தம் போட வேண்டியதாச்சு. என் டீம் பையன்கிட்ட கேட்டா, ரெஃபரண்டம் வெச்சிருந்தாலும் மலைக்காரங்க ஓட்டுல நாங்க தோத்துத்தான் இருப்போம், எங்களுக்கு வேண்டியது அந்த கோடு போடுற ரூம்ல ஒரு நாற்காலின்னான். இது உங்க அணிக்கு அடிதான், ஆனா எதிரணிக்கும் அடி.

2025 செப்டம்பர்ல அங்க இளசுங்க போராட்டத்துல பிரதமர் ஓலி அரசே போனப்பகூட, சாசனத்தையே மாத்தணுமா இதுக்குள்ளயே சரி பண்ணிக்கலாமான்னு மறுபடி கிளம்பிடுச்சு.

சிலி கேஸ் உங்களுக்குக் கண்டிப்பா வரும், எதிரணி தூக்கிட்டு வருவாங்க. 2020 அக்டோபர்ல புது சாசனம் வேணுமான்னு கேட்டாங்க, 78 சதவீதம் வேணும். 155 பேர் சபை, ஆணும் பொண்ணும் சரிபாதி, பழங்குடிகளுக்கு 17 சீட், முதல் தலைவரே எலிசா லோன்கோன்னு ஒரு மாபுச்சே பழங்குடி அம்மா. 388 பிரிவு எழுதினாங்க. 2022 செப்டம்பர் 4 ஓட்டுக்கு விட்டாங்க, 62 சதவீதம் வேணாம். இதுல ஒரு மேட்டர் கவனிங்க, முதல் ஓட்டுல இஷ்டப்பட்டவங்க மட்டும் வந்தாங்க, 75 லட்சம் பேர், ரெண்டாவது ஓட்டு கட்டாயம், 1 கோடியே 30 லட்சம் பேர். அதாவது எழுதச் சொன்ன கூட்டம் வேற, மார்க் போட்ட கூட்டம் வேற. அப்புறம் வலதுசாரி ஆளுங்க கையில மெஜாரிட்டி இருந்த சபை ஒண்ணு இன்னொரு டிராஃப்ட் எழுதுச்சு, அதையும் 2023 டிசம்பர்ல 55 சதவீதத்துக்கு மேல வேணாம்னுட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் 1980ல ராணுவ சர்வாதிகாரி பினோசெட் காலத்துல வந்ததுதான் ஓடுது, நிறைய திருத்தத்தோட. அந்த 1980 சாசனத்துக்கும் அந்தாளு ரெஃபரண்டம் வெச்சான் தெரியுமா, வாக்காளர் பட்டியலே இல்லாம, 67 சதவீதம் ஜெயிச்சதா கணக்கு காட்டினான்.

கோரமங்களா_குமார்:

எங்க அபார்ட்மெண்ட்ல பைலா மொத்தமா மாத்த ஓட்டு விட்டாங்க, நாப்பது பக்கம், எல்லாரும் நாயை லிஃப்ட்ல கூட்டிட்டுப் போகலாமாங்கிற ஒரே வரியைப் பாத்துட்டு ஓட்டு போட்டாங்க. சிலியில நடந்ததும் அதானே. செனட்டை ஒழிக்கிறது, பழங்குடிங்களையும் தனித் தேசமா ஏத்துக்குற பல தேசிய அரசு, வீட்டு உரிமை, கருக்கலைப்பு எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டி ஆமா இல்லைன்னு கேட்டா, ஏதோ ஒண்ணு பிடிக்காதவன் மொத்தத்தையும் வேணாம்பான். செல்வி மேடம், பிரிவு பிரிவா ஓட்டு விடணும்னு பேசுங்க, புதுசா இருக்கும்.

பிரபு_வைட்ஃபீல்ட்:

குமார் அண்ணா கிட்டத்தட்ட அதையும் பண்ணிப் பாத்துட்டாங்க. ஐஸ்லாந்துல 2012 அக்டோபர்ல ஆறு கேள்வியா பிரிச்சுக் கேட்டாங்க, இந்த டிராஃப்டை அடிப்படையா வெச்சுக்கலாமா, இயற்கை வளம் எல்லாருக்கும் பொதுவான்னு தனித்தனியா. மூணுல ரெண்டு பங்கு பேர் டிராஃப்டுக்கு சரின்னாங்க. பார்லிமெண்ட் அதை ஓரமா வெச்சிடுச்சு, வெறும் ஆலோசனை ஓட்டுதானேன்னு. இன்னும் அங்கேயேதான் கிடக்கு.

அப்புறம் பெங்களூர்ல இருந்துட்டு இதைச் சொல்லலேன்னா எப்படி, விதான சௌதா கட்டின கெங்கல் ஹனுமந்தையா நம்ம அரசியல் நிர்ணய சபையில மைசூர் உறுப்பினர். 1949 நவம்பர்ல, வீணை இல்லேன்னா சிதார் கேக்க வந்தோம், இங்க இங்கிலீஷ் பேண்டு வாசிக்குதுன்னு சபையிலயே சொன்னாரு. 1935 சட்டத்துல இருந்து அவ்ளோ எடுத்திருக்காங்கன்னு அவருக்கு வருத்தம். உங்க அணிக்கு ஆகும்.

நிர்மலா_ஃப்ரேசர்டவுன்:

இலங்கை யாரும் சொல்லலையே, அதான் எழுதுறேன். எங்கப்பா யாழ்ப்பாணம், 83 கலவரத்துக்கு அப்புறம் மெட்ராஸ் வந்து அங்கேருந்து இங்க. வீட்டுல சாசனம்னு பேச்சு எடுத்தா அவருக்கு ராத்திரி சாப்பாடு இறங்காது, அதனால எனக்கு இது பாடம் மாதிரி.

1970ல சிறிமாவோ பண்டாரநாயக்க கூட்டணி மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஜெயிச்சு, பார்லிமெண்ட் எம்.பிக்களையே அரசியல் நிர்ணய சபைன்னு நவரங்கஹலாவுல கூட்டுனாங்க. எழுதுற பொறுப்பு கொல்வின் ஆர். டி சில்வாவுக்கு. 1956ல தனிச் சிங்களச் சட்டம் வந்தப்ப, ஒரு மொழின்னா ரெண்டு நாடு, ரெண்டு மொழின்னா ஒரு நாடுன்னு எச்சரிச்சவரு அதே மனுஷன். தமிழரசுக் கட்சி உள்ள போய் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி கேட்டுச்சு, தோத்துச்சு, மொழிக்குத் திருத்தம் கொடுத்துச்சு, அதுவும் தோத்துச்சு, 1971 ஜூன்ல எழுந்து வெளிய வந்துட்டாங்க. 1972 மே 22ல சாசனம் வந்தப்ப, அதுவரைக்கும் இருந்த சோல்பரி சாசனத்துல சிறுபான்மைக்குக் காப்பா இருந்த 29ஆம் பிரிவு காணோம், பௌத்தத்துக்கு முதன்மை இடம், சிங்களம் ஆட்சி மொழி.

ரெஃபரண்டம் கிடையாது. அப்போ தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகம் என்ன பண்ணாரு தெரியுமா, காங்கேசன்துறை சீட்டை ராஜினாமா பண்ணிட்டு, இந்தச் சாசனத்தைத் தமிழ் ஜனங்க ஏத்துக்கிட்டாங்களா இல்லையான்னு இந்த ஒரு தொகுதியில பாத்துடுவோம், வாங்கன்னாரு. அரசாங்கம் இடைத்தேர்தல் வைக்கவே இல்ல, ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்தடிச்சு 1975 பிப்ரவரியில வெச்சாங்க, பெரியவர் அமோகமா ஜெயிச்சாரு. ரெஃபரண்டம் வைக்காத ஊர்ல ஒரு வயசான மனுஷன் தன் சீட்டை வெச்சே ரெஃபரண்டம் நடத்தினாரு, இதைவிட உங்க அணிக்கு என்ன வேணும் செல்வி? அடுத்த வருஷம், 1976 மே மாசம் வட்டுக்கோட்டைத் தீர்மானம், தனி நாடுன்னு. அந்த இடைத்தேர்தல் முடிவை கொழும்புல காது கொடுத்து கேட்டிருந்தா.. சரி விடுங்க.

ஆனா முழுசா சொல்லணும். 1978 சாசனத்துல சில பிரிவுகளைத் தொட்டா ரெஃபரண்டம் கட்டாயம்னு ஜனாதிபதி ஜெயவர்த்தன எழுதி வெச்சாரு. நல்லதுதானேன்னு தோணும். அந்த நாட்டோட முதல் ரெஃபரண்டம் எதுக்கு வந்துச்சுன்னா, 1982 டிசம்பர்ல, பொதுத் தேர்தல் வைக்காம இருக்குற பார்லிமெண்டையே இன்னும் ஆறு வருஷம் ஓட்டுறதுக்கு. விளக்கு சின்னம்னா ஆமா, பானை சின்னம்னா இல்லை. விளக்கு ஜெயிச்சுது. யாழ்ப்பாணத்துல பானைதான், ஆனா என்ன பிரயோஜனம்.

செல்வி_ஆர்கேபுரம்:

ஐயோ எல்லாருக்கும் கோடி நன்றி, ஆனா நீங்க எல்லாரும் சேர்ந்து எதிரணிக்குத்தான் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கு! பினோசெட் ஓட்டு, விளக்கு பானை, ஐஸ்லாந்து, எல்லாம் எனக்கு எதிரா. செல்வநாயகம் மேட்டர் மட்டும் கட்டாயம் எடுத்துக்குறேன் நிர்மலா அக்கா, எனக்குத் தெரியவே தெரியாது அது. யோசிச்சுப் பாத்ததுல "ஓட்டு இருந்தா எழுதுறவங்களுக்கு பயம் இருக்கும், கடைசியில ஜனங்க முன்னாடி நிக்கணுமேன்னு"ங்கிற லைன்ல போகலாம்னு இருக்கேன். அதுக்கு ஒரு நல்ல உதாரணம் யாராவது? அப்புறம் ஒரு சந்தேகம், ஓட்டுல "இல்லை" ஜெயிச்சா என்ன ஆகும், அதை நடுவர் கேப்பாருன்னு உள்மனசு சொல்லுது.

தாராவி_முருகேசன்:

கென்யா எடுத்துக்கோ தங்கச்சி. 2005ல ஜனாதிபதி கிபாக்கி ஆளுங்க சபையில எழுதின டிராஃப்டை ஜனாதிபதிக்கு அதிகாரம் குறையாத மாதிரி திருத்தி ஓட்டுக்கு விட்டாங்க, வாழைப்பழம்னா ஆமா, ஆரஞ்சுன்னா இல்லை. ஆரஞ்சு ஜெயிச்சுது, 57 சதவீதத்துக்கு மேல. அந்த ஆரஞ்சுல இருந்தே ஒரு கட்சி கிளம்பிச்சுன்னா பாத்துக்கோ. 2007 தேர்தலுக்கு அப்புறம் வெட்டு குத்து, ஆயிரம் பேருக்கு மேல சாவு. அப்புறம் 2010ல மாவட்டங்களுக்கு அதிகாரம் பிரிச்சு, ஜனாதிபதிக்குக் கடிவாளம் போட்டு வேற டிராஃப்ட், ஆகஸ்ட் 4ல 67 சதவீதம் ஆமா. முதல்ல ஜனங்க வேணாம்னு சொல்லலன்னா ரெண்டாவது அப்படி வந்திருக்காது. நீ சொல்ற பயம் அதான்.

கரோல்பாக்_மணி:

"இல்லை" ஜெயிச்சா என்னங்கிற கேள்விதான் இந்தத் தலைப்போட உயிர்நாடிம்மா, அதை எதிரணி கேக்குறதுக்கு முன்னாடி நீயே எடுத்துடு. ஒவ்வொரு ஊருலயும் பதில் வேற. பிரான்சுல 1946 மே 5ந்தேதி முதல் டிராஃப்டை ஜனங்க 53 சதவீதம் நிராகரிச்சாங்க, உடனே புது சபை தேர்ந்தெடுத்து அக்டோபர்ல வேற டிராஃப்ட் பாஸ் ஆச்சு. அங்க "இல்லை"ன்னா திருப்பி எழுதுன்னு அர்த்தம், முன்கூட்டியே ஏற்பாடு இருந்துச்சு. சிலியில "இல்லை"ன்னா பழையதே தொடரும். நம்ம ஊர்ல 1949ல வெச்சு "இல்லை" வந்திருந்தா 1935 சட்டமும் 1947 சுதந்திரச் சட்டமும் அப்படியே நின்னிருக்கும், நம்ம சாசனத்தோட 395ஆம் பிரிவுதான் அந்த ரெண்டையும் ரத்து பண்ணுது. பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட சட்டத்துக்கும் இதுக்கும் நடுவுல ஒண்ணைத் தேர்ந்தெடுன்னா அது தேர்வா?

தென்னாப்பிரிக்காவுல இன்னொரு வழி கண்டுபிடிச்சாங்க. 1993லயே 34 கொள்கையை பேச்சுவார்த்தையில இருந்த கட்சிங்க ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் தேர்தல்ல வந்த சபை 1996 மே மாசம் சாசனத்தை நிறைவேத்துச்சு, அதைக் கோர்ட்டுக்கு அனுப்பணும், அந்த 34க்கும் பொருந்துதான்னு பாக்க. செப்டம்பர்ல கோர்ட் பொருந்தலைன்னு திருப்பி அனுப்பிடுச்சு, திருத்தி மறுபடி அனுப்பி டிசம்பர் 4ல சரின்னுச்சு, 10ந்தேதி மண்டேலா ஷார்ப்வில்ல கையெழுத்து போட்டாரு. சபையில மூணுல ரெண்டு பங்கு கிடைக்கலன்னா மட்டும் ரெஃபரண்டம்னு ஒரு விதி வெச்சிருந்தாங்க, அது தேவைப்படல. ஆனா அந்த விதி தலைக்கு மேல தொங்கினதால கட்சிங்க பேசி முடிச்சுக்கிட்டாங்க. உன் பயம் லைனுக்கு கென்யாவைவிட இது பொருத்தம்னு எனக்குப் படுது, முருகேசன் கோச்சுக்காதப்பா.

தாராவி_முருகேசன்:

கோவம் என்ன அண்ணாச்சி. ஆனா நடக்காத ஓட்டைக் காட்டி ஓட்டு வேணும்னு வாதாடச் சொல்றீங்களே, நடுவர் விடுவாரா?

செல்வி_ஆர்கேபுரம்:

ரெண்டையும் எடுத்துக்குறேன், கென்யா நான், தென்னாப்பிரிக்கா எங்க அணியில இன்னொரு அக்கா. 395ஐ மட்டும் எப்படி சமாளிக்கிறதுன்னு தெரியல, எதிரணித் தலைவர் வேற வக்கீல்.

கரோல்பாக்_மணி:

சேத் கேட்டதைத் திருப்பிக் கேளு. 1949ல முடியலைன்னா சரி, 1952ல பட்டியல் கையில இருந்துச்சு, எல்லாரும் ஓட்டு போட்டு பார்லிமெண்டும் வந்துடுச்சு, அப்போ அந்த சபை முன்னாடி ஒரு தடவை வெச்சிருக்கலாமேன்னு. வக்கீல் பதில் சொல்லட்டும்.